படத்தில் ஒன்றுமில்லை

என் நாத்தனாருக்குப் புகை வரைகிற உத்தியோகம். புதிதாகப் பழகுகிறவர்களிடம் இதைச் சொன்னால் ஓவியமா என்று கேட்பார்கள், இல்லையென்றால் சிகரெட் கம்பெனியா என்று கேட்பார்கள். முதல் ஐந்து வருஷம் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் "ஆமாம்" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கிறேன்.

அவள் செய்வது இதுதான். வெகு உயரத்தில் ஒரு செயற்கைக்கோள் நின்றுகொண்டு பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் பூமியைப் படம் எடுத்து அனுப்புகிறது. எங்கேயோ காட்டில் தீப்பிடித்தால் புகை கிளம்பிக் காற்று போகிற பக்கம் போகும். நாத்தனார் அலுவலகத்தில் உட்கார்ந்து அந்தப் படங்களை வரிசையாக ஓட்டிப் பார்ப்பாள். புகை எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அதன் ஓரத்தை மவுஸால் கோடிழுத்து அடைப்பாள். அடைத்த இடத்துக்கு மெல்லிசு, நடுத்தரம், அடர்த்தி என்று மூன்று சாம்பல் நிறத்தில் ஒன்றைப் பூசுவாள். அந்த வரைபடம் ஊர் ஜனங்களின் போனுக்குப் போகும். பிள்ளைகளை மைதானத்தில் ஓட விடலாமா, துணியை மொட்டை மாடியில் உலர்த்தலாமா என்று பலரும் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

"இதெல்லாம் கம்ப்யூட்டரே செய்யாதா?" என்று கேட்டேன் ஒரு தடவை.

"செய்யும் அண்ணி. ஆனா அது மூடுபனியையும் புகைன்னு சொல்லும், தூசியையும் புகைன்னு சொல்லும். கோபத்துல இருக்கற மாமியார் மாதிரி, எல்லாத்தையும் ஒரே பேர் சொல்லித் திட்டும்."

மேகம் வெள்ளையாக இருக்கும், அதன் ஓரம் கறாராகத் தெரியும். புகை, பால் பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி இருக்கும். ஒரே படத்தை உற்றுப் பார்த்தால் பிடிபடாது, ஓட விட்டால் நகர்கிறபோது அகப்படும். காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயிலில் நன்றாகத் தெரியும், உச்சி வெயிலில் மங்கிப்போகும். இவ்வளவும் நான் கேட்காமலே எனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட பாடம். பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டேன்.

பதினோரு வருஷமாக ஓடுகிற படத்தைப் பார்த்துப் பார்த்து, அவளுக்கும் ஒரு இடத்தில் நிற்க வராது. சாப்பிடும்போது கால் ஆடும். மேஜையில் தண்ணீர் சிந்தினால் துணி எடுக்க மாட்டாள், அது பரவுகிற ஓரத்தை விரலால் கோடு போட்டுக்கொண்டே போவாள். பஸ் ஸ்டாப்பில் வானத்தைப் பார்த்தபடி நடந்து விளக்குக் கம்பத்தில் மோதி நெற்றியில் புடைப்போடு வந்த நாளும் உண்டு. "கம்பம் மெல்லிசா, அடர்த்தியா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். அன்றைக்கு அவரோடு அவள் பேசவில்லை.

அவருக்குத் தங்கச்சி என்றால் உயிர். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது இவருக்கு இருபத்தொன்று, அவளுக்கு ஒன்பது. படிப்பை விட்டுவிட்டுப் பெயின்ட் வாளியைத் தூக்கினார். அவளுக்கு முப்பத்தைந்து வயதாகியும் இன்னமும் "பாப்பா" என்றுதான் கூப்பிடுகிறார். அலுவலகத்தில் பத்து பேரை விரட்டி வேலை வாங்குகிறவள், அண்ணன் "பாப்பா" என்றால் மட்டும் மறுபேச்சு பேச மாட்டாள்.

அவருடைய தொழில் உயரமான கட்டடங்களின் வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிப்பது. மொட்டை மாடியிலிருந்து கயிறு இறங்கும், அதில் ஒரு பலகை, பலகையில் இவர். சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டு. சட்டைப் பையில் எப்போதும் ஒரு இன்ஹேலர் இருக்கும். வெளியில் வேலை செய்யாதீர்கள் என்று டாக்டர் சொன்னதற்கு, "வெளிச்சுவர உள்ள உக்காந்து எப்படி சார் அடிக்கறது?" என்று கேட்டுவிட்டு வந்தவர் இவர். அதனால்தான் காட்டுத் தீ பற்றுகிற மாதங்களில் தினமும் காலை ஏழரைக்கு நாத்தனார் அலுவலகத்திலிருந்து போன் செய்வாள். புகை இருக்கிறது என்றால் அன்றைக்கு அவர் கயிற்றில் ஏற மாட்டார். இல்லை என்றால் ஏறுவார். அவ்வளவுதான் ஏற்பாடு.

இந்த வருஷம் வடமேற்கு மலைக்காட்டில் பிடித்த தீ அணையவே இல்லை. இங்கிருந்து நானூறு கிலோமீட்டர். முதல் வாரம் யாரும் சட்டை செய்யவில்லை. இரண்டாவது வாரம் சாயங்காலச் சூரியன் சிவந்து தெரிந்தது. மூன்றாவது வாரம் எங்கள் வீட்டில் ஒருவரும் உட்காரவில்லை. நாத்தனார் ஜன்னலைத் திறப்பாள், மோந்து பார்ப்பாள், மூடுவாள், ஐந்து நிமிஷத்தில் மறுபடி திறப்பாள். போனில் படத்தை ஓட்டிக்கொண்டே பல் தேய்ப்பாள். லீவு நாளில்கூட அலுவலகத்துக்குக் கூப்பிட்டுக் கேட்பாள். எனக்கும் அது தொற்றிக்கொண்டது. அடுப்பை அணைத்தேனா என்று நாளைக்கு நாலு தரம் பார்த்தேன்.

பத்தொன்பதாவது நாள் காலை வானம் முழுக்க மேகம். அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்திருந்தார். பக்கத்தில்தான் நானும் நின்றேன்.

"பாப்பா, இன்னைக்கு எப்படி?"

பின்னால் யாரோ அவளைக் கூப்பிடுகிற சத்தம், விசைப்பலகை தட்டுகிற சத்தம்.

"படத்துல ஒண்ணுமில்லண்ணா. அப்புறம் பேசறேன்," என்று வைத்துவிட்டாள்.

அவர் வரைபடத்தையும் ஒரு தரம் திறந்து பார்த்தார். எங்கள் ஊர் வெள்ளையாக இருந்தது. இன்ஹேலரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். நானும் கதவைப் பூட்டிவிட்டு என் கடைக்குப் போனேன்.

நான் வேலை பார்ப்பது மூக்குக் கண்ணாடிக் கடையில். கண் பரிசோதிக்கிற அறையில், இருட்டில், எதிரே எழுத்துப் பலகையை எரியவிட்டு "இது தெரியுதா, இப்ப தெரியுதா" என்று நாள் பூராவும் கேட்டுக்கொண்டிருப்பேன். அன்றைக்குப் பதினொன்று பத்துக்கு ஒரு பெரியவருக்கு லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தபோது நாத்தனாரின் போன் வந்தது. எடுக்கவில்லை. மறுபடி வந்தது. மூன்றாவது தடவை எடுத்தேன்.

"அண்ணி, அண்ணன் எங்க?"

"எங்க இருப்பார், சுவத்துல தொங்கிட்டு இருப்பார்."

"போனே எடுக்கல. உடனே எறங்கச் சொல்லுங்க. மாநகராட்சி மாடியில காத்துல இருக்கற புகைய அளக்கற கருவி ஒண்ணு இருக்கு, அது மணிக்கு ஒரு தரம்தான் எண் குடுக்கும். பத்து மணிக்கு நாப்பது. இப்ப முந்நூத்திப் பத்து."

"நீதானடி காலையில ஒண்ணுமில்லன்னு சொன்ன?"

 

"மேகம் அண்ணி," என்றாள். "மேகத்துக்குக் கீழ வந்திருக்கு. எனக்குத் தெரியல. சீக்கிரம் போங்க அண்ணி."

பெரியவரின் மூக்கில் சோதனைச் சட்டத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். வெளியே வந்ததும் தொண்டையில் கரகரப்பு. எரிந்த கட்டையின் வாசனை. தெரு விளக்குகள் பகலிலேயே எரிந்தன. நாலு ஸ்டாப் தூரம், பஸ்ஸைக் காணோம். பாதி நடந்தேன், பாதி ஓடினேன், நடுநடுவே அவர் எண்ணுக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். அவர் போன் கீழே சாப்பாட்டுப் பைக்குள் இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அடித்தேன்.

கட்டடத்தின் அடியில் அவருடைய ஜோடி, பக்கத்துக் கயிற்றில் வேலை செய்கிறவர், ஈரத் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார். நான் மேலே பார்த்தேன். ஒன்பதாவது மாடி உயரத்தில் பலகை இருந்தது. அதில் அவர் தலையைக் கயிற்றில் சாய்த்து உட்கார்ந்திருந்தார். தூரிகை கையில் இல்லை.

"எறங்கிடலாம்னு நான் அப்பவே சொன்னேன்க்கா," என்றார் ஜோடி. "அவர்தான் கேக்கல. எதிர்ல வீடு இடிக்கறாங்க, அந்தத் தூசிதான் இதுன்னாரு. புகைன்னா என் தங்கச்சி சொல்லியிருப்பா, அவ சொல்லாம ஒரு பொட்டுப் புகை இந்த ஊருக்குள்ள வராதுன்னாரு."

மேஸ்திரியும் இரண்டு பேரும் மாடிக்கு ஓடி, மேலேயிருந்து கயிற்றைத் தளர்த்தித் தளர்த்தி அவரை இறக்கினார்கள். கால் மணிக்கு மேல் ஆனது. ஒவ்வொரு மாடியிலும் பலகை ஒரு முட்டு முட்டி நின்றது. நான் கீழே நின்று என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. என்னைக் காவலாளி பிடித்துக்கொண்டிருந்தார் என்று பிறகு சொன்னார்கள். அவர் என் கைக்கு வந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. இன்ஹேலர் காலியாகி மடியில் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே கொண்டுபோய் ஆக்சிஜன் வைத்தார்கள். இரண்டு மணி நேரம் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். நாத்தனார் கழுத்தில் அலுவலக அட்டையோடு நடைபாதையில் ஓடி வந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தை இன்றைக்கும் மறைக்க விரும்பவில்லை. பக்கத்தில் இருந்த எதையாவது எடுத்து எறிந்திருப்பேன், நல்லவேளை அங்கே எல்லாமே தரையோடு திருகப்பட்ட நாற்காலிகள்.

"எதுக்குடி ஒண்ணுமில்லன்னு சொன்ன?"

அவள் நின்ற இடத்திலேயே சொன்னாள். அவர்கள் அலுவலகத்தில் மேகம் மூடிக்கொண்டு படம் எதற்கும் உதவாமல் போனால் "படத்துல ஒண்ணுமில்ல" என்பார்களாம். அடுத்த படத்துக்குப் போ என்று அர்த்தம். ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்லுகிற பேச்சு. பத்தொன்பது நாள் தூக்கமில்லாத களைப்பில், அலுவலகத்தில் பேசுகிற மாதிரியே அண்ணனிடமும் சொல்லிவிட்டாள்.

"சரி, அந்த வரைபடம்? அதுலயும் வெள்ளையாத்தானே இருந்துச்சு?"

"நாங்க கண்ணால பாத்ததை மட்டும்தான் வரையணும் அண்ணி. அதான் விதி. மேகத்துக்கு அடியில என்ன இருக்குன்னு தெரியலன்னா, அங்க வரைய மாட்டோம். விட்டுடுவோம்."

"விட்டுடுவீங்க. விட்ட எடம் வெள்ளையா இருக்கும். புகை இல்லாத எடம்?"

"அதுவும் வெள்ளைதான்."

"எங்கிட்ட கண்ணு காட்ட வர்றவங்க கடைசி வரி தெரியலம்பாங்க. நான் சீட்டுல தெரியலன்னு எழுதுவேன். பலகையில எழுத்தே இல்லன்னு எழுதினா கடைக்காரர் என்னை வேலையில வெச்சிருப்பாரா? பத்தாவது கூட முடிக்காத எனக்குத் தெரியுது. அவ்வளவு பெரிய ஆபீஸ்ல இத்தனை வருஷமா ஒருத்தருக்கும் தோணலையா?"

 அவள் அழவில்லை. தரையில் டைல்ஸ் சேர்கிற கோட்டை ஷூ நுனியால் தடவிக்கொண்டே நடைபாதையின் அந்தக் கோடிக்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். நான் எண்ணவில்லை, இரண்டு மணி நேரமும் போய்ப்போய் வந்துகொண்டிருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கவும் பிடிக்கவில்லை, அவள் கண்ணிலிருந்து மறைந்தால் அதுவும் பொறுக்கவில்லை.

அவர் பிழைத்துக்கொண்டார். மூன்று நாள் ஆக்சிஜன், பத்து நாள் ஓய்வு. பேச்சு வந்ததும் முதலில் சொன்னது தங்கச்சிக்கு வக்காலத்து. "அவள ஒண்ணும் சொல்லாத. மோந்து பாக்க எனக்கு மூக்கு இல்லையா? மூக்க நம்பாம போனை நம்பினது என் தப்பு."

அலுவலகத்தில் நாத்தனார் தலைமை அதிகாரியோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டினாள். மேகம் மறைத்த இடத்தில் சாய்கோடு போட வேண்டும் என்றாள். ஜனங்களுக்குப் புரியாது என்றார் அவர். வெள்ளை மட்டும் என்ன புரிந்தது என்று கேட்டாளாம். பாதிப் படம் சாய்கோடாக இருந்தால் இவர்களுக்கு எதற்குச் சம்பளம் என்று மேலே கேட்பார்கள் என்றார். கடைசியில் படத்தின் அடியில் ஒரு வரி சேர்க்கச் சம்மதித்தார்: மேகம் மறைத்த இடங்களில் புகை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர், குறி சொல்கிறவன் பேச்சு மாதிரி இருக்கிறதே என்றார். அவள் சிரிக்கவில்லை.

வீட்டில் அவள் புகை என்கிற வார்த்தையையே விட்டுவிட்டாள். ஏழரை மணிப் போனும் நின்றது. அவர் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியபின், அந்த நேரத்துக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பார். அது அடிக்காது. வரைபடத்தைப் பார்ப்பார், இரண்டு தரம் மோந்து பார்ப்பார், போவார். மலையில் தீ எரிந்துகொண்டுதான் இருந்தது.  கடையில் யாருக்கோ கொடுக்க வேண்டிய கண்ணாடியை யாருக்கோ கொடுத்து இரண்டு தடவை ஏச்சு வாங்கினேன்.

நாற்பதாவது நாளோ என்னவோ, மறுபடியும் மேகம் போட்டது. அன்றைக்கு அவளுக்கு மத்தியான ஷிப்ட். மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள். திரை முழுக்க ஒரே வெள்ளை. அவர் எதிரே வந்து நின்றார்.  அவள் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து உள்ளறைக்குப் போனாள்.

நான் பின்னாலேயே போய்க் கதவை அடைக்கவிடாமல் நடுவில் நின்றேன்.

"அவர் வெளிய நிக்கறார்."

"என்னால ஒண்ணும் சொல்ல முடியாது அண்ணி. விடுங்க."

"சொல்லாம இருந்தா அவர் என்ன நெனச்சுப்பார்? புகை இருந்தா பாப்பா சொல்லியிருப்பான்னுதான் நெனப்பார். போன தடவையும் அப்படி நெனச்சுத்தான் தொங்கிட்டு இருந்தார். நீ வாய மூடிக்கறதும் அந்த வெள்ளையும் ஒண்ணுதான்."

அப்போதுதான் அவள் வெடித்தாள். "என்னன்னு சொல்லட்டும்? தெரியலன்னா? பதினோரு வருஷமா இந்த வேலை பாக்கறேன் அண்ணி. அவர் கயித்துல தொங்கி என்னைப் படிக்க வெச்சார். இவ்வளவு படிச்சுட்டு அவர் முன்னாடி போய், தெரியலன்னு சொல்றதுக்கு நான் எதுக்கு? தெருவுல போற யாரும் அதச் சொல்லுவாங்களே."

"தெருவுல போறவங்க சொன்னா அவர் கேக்க மாட்டார். நீ சொன்னா கேப்பார்."

 அவள் என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். அவர் வாசல் வரை போய்விட்டிருந்தார்.

"அண்ணா. தெரியல."

அவர் திரும்பினார். "தெரியலன்னா?"

"புகை இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். மேகம் விலக மத்தியானம் ஆகும். அதுவரைக்கும் எனக்கு நெஜமாவே தெரியாது."

 "சரி. உள்ள மாடிப்படிச் சுவர் பாக்கி இருக்கு. அத அடிக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குப் புகை வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு மேகம் விலகி, கழுவித் துடைத்த மாதிரி நீல வானம். ஜோடியும் மற்றவர்களும் வெளியே கயிற்றில் பாட்டுப் போட்டுக்கொண்டு நாலு மாடி முடித்துவிட்டார்கள். இவர் மட்டும் மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து அடித்திருக்கிறார். தங்கச்சி பேச்சைக் கேட்டுக் கோழி மாதிரி உள்ளே அடைந்துவிட்டாயே என்று நாள் பூராவும் கேலி.

நாத்தனார் ஷிப்ட் முடிந்து எட்டு மணிக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் எதிரே போய் நின்றாள்.

"ஒண்ணும் வரலண்ணா. சும்மா உன்னை ஒரு நாள் முடக்கிட்டேன்."

அவர் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் விரலில் பெயின்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"பாப்பா, நாளைக்கும் தெரியலன்னா, தெரியலன்னே சொல்லு."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதாள். நாங்கள் இரண்டு பேரும் அவளைத் தடுக்கவில்லை.